கே10 பிக்கப்புக்குக் காயலான் கடை ஆக்சில்: எதை எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது

1973 முதல் 1987 வரை வந்த செவ்ரோலே கே10 அரை டன் பிக்கப்பைக் காட்டுப்பாதைக்கும் பாறைக்கும் தயார் செய்கிறவர்கள் பெரும்பாலும் டயரில்தான் தொடங்குகிறார்கள். 37 அங்குல டயர் வாங்கி, அதற்கு இடம் வர ஸ்பிரிங்கை உயர்த்தி, எல்லாம் முடிந்த பிறகு ஆக்சிலைப் பற்றி யோசிக்கிறார்கள். ஆக்சிலை முதலில் முடிவு செய்துவிட்டால் வீல், பிரேக், ஸ்டீயரிங், ஜாயின்ட் ஷாஃப்ட் ஆகிய நான்கிலும் இரண்டு முறை செலவழிக்க வேண்டியிராது.

கம்பெனியிலிருந்து கே10 வரும்போது முன்னால் டானா 44 அல்லது ஜிஎம் 10 போல்ட் ஆக்சில் (டிஃபரென்ஷியல் மூடியில் இருக்கும் போல்ட்டின் எண்ணிக்கையே பெயர்) இருக்கும். இரண்டிலும் கிரவுன் வீலின், அதாவது உள்ளே சுற்றும் பெரிய பல் சக்கரத்தின், விட்டம் 8.5 அங்குலம். பின்னால் பழைய வண்டிகளில் 12 போல்ட், பிந்தியவற்றில் 10 போல்ட். 31 அங்குல டயரோடு இவற்றில் ஒரு குறையும் இல்லை. டயர் பெரிதாகும்போது மாறுவது நெம்புகோலின் நீளம். பாறையில் டயர் பிடித்துக்கொண்டால், அது வழுக்கும்வரை ஷாஃப்ட் அந்த முறுக்கைத் தாங்கியாக வேண்டும். டயரின் ஆரம் கூடினால் அந்த முறுக்கும் அதே விகிதத்தில் கூடும். அதோடு லாக்கரும் (இரு பக்கச் சக்கரங்களையும் சேர்ந்தே சுற்ற வைக்கும் பூட்டு) போட்டுவிட்டால், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கு முழுவதும் தரையில் இருக்கும் ஒரே ஷாஃப்டுக்குப் போகிறது. முதலில் உடைவது முன் ஆக்சிலின் ஸ்டீயரிங் திருப்பத்தில் இருக்கும் யூ ஜாயின்ட், அல்லது 19 பல் கொண்ட வெளி ஸ்டப் ஷாஃப்ட் (சக்கரத்தின் பக்கம் இருக்கும் குட்டை ஷாஃப்ட்). ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கும் கணத்தில்தான் அது போகும்.

கே10க்கு நாங்கள் தயங்காமல் சொல்லும் ஜோடி ஒன்றுதான்: முன்னால் அதே காலத்து கே30 ஒரு டன் வண்டியின் டானா 60, பின்னால் ஜிஎம் 14 போல்ட் ஃபுல் ஃப்ளோட்டர். இதைவிட வலுவான ஆக்சில்கள் உண்டு. ஆனால் இந்த வண்டிக்குக் கீழே இவ்வளவு குறைந்த வெட்டு, வெல்டிங்கில் போய் உட்காரும் ஜோடி வேறில்லை. முடிந்தால் இரண்டையும் ஒரே வண்டியிலிருந்து எடுங்கள். ஜாயின்ட் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்ற பல் விகிதம் பொருந்தும். ஸ்டீயரிங் ஆர்ம், டிராக் லிங்க், யூ போல்ட் தட்டு, பிரேக் குழாய், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் சேர்ந்தே வரும். தனித்தனியாகத் தேடி வாங்கும்போது இந்தச் சில்லறைச் சாமான்களே ஆக்சில் விலையில் பாதியைத் தின்றுவிடும்.

பெயரைப் பார்க்கும் முன் பக்கத்தைப் பாருங்கள்

டானா 60 என்று கேட்டதும் பணத்தை எடுத்து நீட்டிவிடக் கூடாது. முன் ஆக்சிலில் முதலில் பார்க்க வேண்டியது டிஃபரென்ஷியல் உருண்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை. கே10 டிரான்ஸ்ஃபர் கேஸின் (இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) முன் அவுட்புட் வலப்பக்கம், அதாவது டிரைவர் அல்லாத பக்கம் இருக்கிறது. கே30 ஆக்சிலும் அப்படியே. ஃபோர்டு எஃப்350 வண்டியின் டானா 60 இடப்பக்கம். அதை கே10இல் போட வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்ற வேண்டும்.

ஃபோர்டு ஆக்சிலுக்கு அவ்வளவு கிராக்கி இருப்பதற்குக் காரணமும் உண்டு. அதில் பினியன் (கிரவுனைச் சுற்ற வைக்கும் சிறிய பல் சக்கரம்) உயர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஜாயின்ட் ஷாஃப்ட் பாறையில் இடிப்பது குறையும். முன் ஆக்சிலாக ஓடும்போது கிரவுன் பல்லின் வலுவான முகத்தில் சுமை விழும். கே30இல் பினியன் தாழ்வு. முன்னோக்கிப் போகும்போது சுமை பல்லின் பின்முகத்தில் விழுகிறது. கேட்பதற்குப் பெரிய குறைபோல இருக்கும். ஆனால் 9.75 அங்குல கிரவுனும் நன்றாக செட் செய்த பேரிங்கும் இருந்தால் 37 அங்குல டயருக்கு இது ஒரு தடையே இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றும் செலவை லாக்கருக்குப் போடுவது மேல்.

1999க்குப் பிந்தைய ஃபோர்டு சூப்பர் டூட்டி ஆக்சில்கள் காயலான் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அவையும் இடப்பக்கம்தான். வீல் போல்ட் வட்டம் 170 மில்லிமீட்டர். ஜிஎம் எட்டு போல்ட் வட்டம் 6.5 அங்குலம், அதாவது 165.1 மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லையே என்று வீலை இழுத்துப் பிடித்து முடுக்கினால் ஸ்டட் வளைந்து, பிறகு உடையும். அந்த வரிசையின் முற்பகுதியில் சில வண்டிகளில் வெளியே பார்க்க 60 போலவே இருக்கும் டானா 50 இருக்கிறது. வார்ப்பின் விலாவில் எழுந்து நிற்கும் எண்ணைத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எட்டு போல்ட் என்பதால் ஒரு டன் ஆகாது

கே20 முக்கால் டன் வண்டியிலும் எட்டு போல்ட் வீல்தான். ஆனால் முன்னால் இருப்பது டானா 44 அல்லது 10 போல்ட். பிரேக்கும் ஹப்பும்தான் பெரிசு, உள்ளே கே10இன் அதே 8.5 அங்குல கிரவுன். 'எட்டு போல்ட் ஹெவி டூட்டி' என்று கடைக்காரர் சொன்னால் குனிந்து மூடியைப் பாருங்கள். டானா 60 மூடியில் பத்து போல்ட், கீழ் மூலை வெட்டியதுபோல் இருக்கும், வார்ப்பில் 60 என்று எண் இருக்கும். யூ ஜாயின்டையும் பாருங்கள். 60இல் அதன் கப் விட்டம் 1.375 அங்குலம், 44இல் 1.188. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

பின் ஆக்சிலில் இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. ஜிஎம்மில் மூடிக்குப் பதினான்கு போல்ட் உள்ள ஆக்சில் இரண்டு. ஒன்று 10.5 அங்குல கிரவுன் கொண்ட ஃபுல் ஃப்ளோட்டர், நமக்கு வேண்டியது. மற்றது 9.5 அங்குல செமி ஃப்ளோட்டர். மூடியை எண்ணுவதை விட்டுவிட்டு சக்கரத்தின் நடுவைப் பாருங்கள். வீலின் துளை வழியாக ஹப் வெளியே நீட்டிக்கொண்டு, அதன் முகத்தில் எட்டு போல்ட் வட்டமாக இருந்தால் ஃபுல் ஃப்ளோட்டர். நடு தட்டையாக இருந்தால் செமி.

இந்த வித்தியாசம்தான் எங்களைப் பொறுத்தவரை பின் ஆக்சில் தேர்வின் உயிர். செமி ஃப்ளோட்டரில் ஷாஃப்டே வண்டியின் எடையையும் சுமக்கிறது, சக்கரத்தையும் சுற்றுகிறது. ஷாஃப்ட் உடைந்தால் சக்கரம் ஷாஃப்ட் துண்டோடு வெளியே வந்துவிடலாம். ஃபுல் ஃப்ளோட்டரில் எடையை ஸ்பிண்டிலின் (ஹவுசிங்கின் அசையாத குழாய் முனை) மேல் இருக்கும் இரண்டு பேரிங்குகள் சுமக்கின்றன. ஷாஃப்டுக்கு முறுக்கு வேலை மட்டுமே. அது உடைந்தாலும் சக்கரம் இடத்தைவிட்டு நகராது. எட்டு போல்ட்டைக் கழற்றி, துண்டை இழுத்துப் போட்டுவிட்டு, ஹப் வாயை மூடி, முன் ஆக்சில் இழுவையில் மலையைவிட்டு இறங்கி வந்துவிடலாம். உதவி கிடைக்க மணிக்கணக்காகும் இடத்தில் வண்டி ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

14 போல்ட்டில் இன்னொரு நல்ல விஷயம், பினியனின் உள் முனைக்கும் ஒரு பேரிங் இருக்கிறது. மொத்தம் மூன்று. சுமை ஏறும்போது பினியன் கிரவுனைவிட்டு விலக முடியாது. கிரவுனைத் தாங்கும் கேரியரின் பேரிங்குகளை மரைத் திருகாணியால் நகர்த்தலாம். பினியன் ஆழத்துக்கு ஷிம் என்ற மெல்லிய தகடு வைப்பது பினியன் கூட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில், வெளியே. பிரஸ் இல்லாமல் வீட்டுக் கொட்டகையிலேயே பல் செட் செய்யலாம். டானா 60இல் ஷிம்கள் பேரிங்கின் அடியில். ஒவ்வொரு முறை சரிபார்க்கவும் பேரிங்கை இழுத்து எடுக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் அந்த வேலையை லேத் பட்டறைக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

குறை என்றால் எடையும் உயரமும். இரண்டு ஆக்சிலுமே ஒவ்வொன்றும் 200 கிலோவுக்கு மேல். 14 போல்ட்டின் வயிறு கீழே தொங்கும். வார்ப்பின் அடியைச் சீவி, தட்டு வைத்து மூடினால் ஒன்றரை அங்குலம் வரை மீட்கலாம்.

ராணுவ வண்டி

அமெரிக்க ராணுவத்துக்காக 1984 முதல் 1987 வரை செய்த எம்1008 பிக்கப் கிடைத்தால் தேடல் அங்கேயே முடிந்தது. முன்னால் டானா 60, பின்னால் 14 போல்ட், இரண்டிலும் 4.56 விகிதம், பின்னால் டெட்ராய்ட் லாக்கர். ஆனால் அதே வரிசையின் எம்1009, பிளேசர் உடல் கொண்டது, முற்றிலும் வேறு. அதில் 10 போல்ட் ஆக்சில்களும் 3.08 விகிதமும்தான். பச்சை வண்ணத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

லாக்கர் உள்ளே இருக்கிறது என்று சொன்னால் மூடியைத் திறந்து பார்க்காமல் அதற்குத் தனி விலை கொடுக்காதீர்கள். பல வண்டிகளில் இருப்பது கவ் லாக் என்ற தானியங்கி லாக்கர். ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றும்போது திடீரென்று பூட்டிக்கொள்வது அதன் வேலை முறை. பெரிய டயரின் எடையோடு அப்படிப் பூட்டும்போது உள்ளே வெடித்துச் சிதறும். சிதறல் கிரவுனையும் கொண்டுபோகும். அது இருந்தால் எடுத்துவிட்டு வேறு போடுவதாகவே கணக்கிடுங்கள்.

பல் விகிதம்

கணக்கு எளிது. பழைய விகிதத்தைப் புது டயரின் உயரத்தால் பெருக்கிப் பழைய டயரின் உயரத்தால் வகுங்கள். 31 அங்குலத்தோடு 3.73 இருந்த வண்டிக்கு 37 அங்குலம் போட்டால் 4.45 வருகிறது. கடையில் கிடைப்பதில் அருகில் இருப்பது 4.56. டயர் 40 ஆனால் 4.81 வரும், 4.88 எடுக்க வேண்டும். டாப் கியர் நேரடி விகிதமாக இருக்கும் வண்டி 4.56, 37 அங்குல டயரோடு மணிக்கு 65 மைலில் போனால் இன்ஜின் சுமார் 2,700 சுற்றில் இருக்கும். முன்பு 31 அங்குலத்தில் ஓடியதற்கு ஏறக்குறைய சமம்.

கீழ்வேகத்தையும் பாருங்கள். எஸ்எம்465 கியர் பாக்ஸின் முதல் கியர் 6.55. என்பி205 டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 1.96. இவற்றோடு 4.56ஐப் பெருக்கினால் 58 சொச்சம். என்பி208 இருந்தால் அதன் லோ 2.61, மொத்தம் 78 வரும். பாறையில் 58 போதும், 78 சுகம்.

காயலான் கடையில் விகிதத்தைக் கண்டுபிடிக்க மூடியைத் திறந்து பல்லை எண்ணுவதே நம்பகமான வழி. கிரவுனில் 41, பினியனில் 9 என்றால் 4.56. 41க்கு 10 என்றால் 4.10. 41க்கு 11 என்றால் 3.73. திறக்க விடமாட்டார்கள் என்றால் ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்க ஹப்பைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, பினியன் யோக் எத்தனை சுற்று வருகிறது என்று பாருங்கள். அந்த எண்ணிக்கையே விகிதம். லாக்கர் இருந்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும், அப்போது ஒரு சுற்று போதும். முன் ஆக்சிலில் ஹப் லாக்கைப் பூட்டிவிட்டுச் செய்யுங்கள்.

முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தே ஆக வேண்டும். 4.10உம் 4.11உம் சேர்ந்து ஓடலாம். 4.10உம் 4.56உம் சேர்ந்தால் நான்கு சக்கர இழுவையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் திருகி உடையும். விகிதத்தை மாற்றப் போகிறீர்கள் என்றால் கேரியரையும் கவனியுங்கள். டானா 60, 14 போல்ட் இரண்டிலும் 4.10 வரைக்கும் ஒரு கேரியர், 4.56 முதல் வேறு கேரியர். 3.73 ஆக்சிலை மலிவாக வாங்கிவிட்டு 4.56 பல் தேடுகிறவருக்கு, கேரியர் அல்லது தடித்த கிரவுன் என்று கூடுதல் செலவு காத்திருக்கிறது. எம்1008 ஜோடிக்கு மதிப்பு வருவது இதனால்தான்.

கடையில் குனிந்து பார்க்க வேண்டியவை

மூடியைத் திறந்தால் முதலில் எண்ணெய். பால் போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. எண்ணெய் மட்டத்துக்கு மேல் இருந்த பல்லிலும் பேரிங்கிலும் துரு வரி விழுந்திருக்கும். லேசான துரு பல்லின் முகத்தில் பரவாயில்லை, பேரிங்கில் இருந்தால் எல்லா பேரிங்கும் மாற்ற வேண்டும். கிரவுன் பல்லில் குழிவிழுந்திருந்தாலும், நீலம் ஏறியிருந்தாலும் அந்தப் பல்லுக்கு மதிப்பு போடாதீர்கள். பினியன் யோக்கைப் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். அசைவு கொஞ்சமும் இருக்கக் கூடாது. சுழற்சியில் மட்டும் நூலிழை ஆட்டம் இருக்கலாம்.

அடுத்து ஹவுசிங். குழாய்கள் நடு வார்ப்புக்குள் அழுத்திச் செருகி, துளை வழியாக வெல்டிங் செய்யப்பட்டவை. அந்த வெல்டிங் வட்டங்களைச் சுற்றித் துருக்கோடோ வெடிப்போ இருந்தால் குழாய் சுழன்றிருக்கிறது. வளைவைக் கண்டுபிடிக்க பின் ஆக்சிலில் ஷாஃப்டை உருவிப் பாருங்கள். நேரான ஹவுசிங்கில் கையால் வரும். கடைசி சில அங்குலத்தில் சிக்கினாலோ, பல் வரியில் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தாலோ குழாய் வளைந்திருக்கிறது. முன் ஆக்சிலில் இரண்டு ஹப் முகங்களுக்கும் இடையே முன்புறமும் பின்புறமும், மேலும் கீழும் டேப் வைத்து அளந்து ஒப்பிடுங்கள். டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்யாத ஆக்சிலில் முன்பின் வித்தியாசம் டை ராடால் வரும். மேல்கீழ் வித்தியாசம் அப்படி வராது.

கே30 டானா 60இல் பால் ஜாயின்ட் கிடையாது, கிங் பின். மேலே கூம்பு வடிவப் பின், அதன்மேல் நைலான் புஷ், அதை அழுத்தும் ஸ்பிரிங். கீழே பேரிங். நக்கிளை (ஸ்டீயரிங்கோடு திரும்பும் முன் சக்கரத் தாங்கி) இரு கையாலும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால் புஷ் போய்விட்டது. அதை அப்படியே ஓட்டினால் வேகத்தில் ஸ்டீயரிங் உதறும், நின்றால்தான் அடங்கும். புஷ், பேரிங் எல்லாம் கிட்டாகக் கிடைக்கும், பயப்பட வேண்டியதில்லை. மேல் பின்னைக் கழற்றி மாட்டுவதற்கு மட்டும் 600 அடி பவுண்டு அளவுக்கு முறுக்கு வேண்டும். நீளமான கம்பியும் அசையாத இடமும் தயாராக இருக்கட்டும்.

ஸ்பிண்டிலில் உள் பேரிங் உட்காரும் இடம் நகம் தடுக்கும் அளவுக்கு வரிவரியாக இருந்தால் ஸ்பிண்டில் போச்சு. முனை மரையையும் பாருங்கள். துருப்பிடித்து ஒட்டிய ஸ்பிண்டிலை எடுக்க மரைமேலேயே சுத்தியலால் அடித்திருப்பார்கள். உள் ஷாஃப்ட் 35 பல், வெளி ஸ்டப் 30 பல். பிற்பாடு வெளியிலும் 35 பல் போட நினைத்தால் ஸ்பிண்டில் துளையைப் பெரிதாக்கவோ, வேறு ஸ்பிண்டில் வாங்கவோ வேண்டும். ஷாஃப்டின் காதில், யூ ஜாயின்ட் கப் உட்காரும் துளை நீள்வட்டமாகியிருந்தால் அந்த ஷாஃப்ட் வேண்டாம்.

அகலத்தை அளக்காமல் ஏற்றாதீர்கள். கே30 முன் ஆக்சில் வீல் முகத்திலிருந்து வீல் முகம் வரை 69 அங்குலத்தை ஒட்டி, ஒற்றை வீல் பிக்கப்பின் 14 போல்ட் 67.5 அங்குலத்தை ஒட்டி. கேப் அண்ட் சேசிஸ் (பின்தொட்டி இல்லாமல் வரும்) வண்டியின் 14 போல்ட் இன்னும் குறுகல், 63.5 அங்குலம். இரட்டை வீல் வண்டியிலிருந்து எடுத்தால் முன்னால் ஹப்பும் வேறு.

பொருத்தும்போது சிக்கல் வரும் இடங்கள்

குழாய் தடிமன் கூடுவதால் பழைய யூ போல்ட் எதுவும் உதவாது. டானா 60 குழாய் 3.125 அங்குலம், 14 போல்ட் 3.5 அங்குலம். பழைய யூ போல்ட்டை எப்படியும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. வீல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 15 அங்குல வீலில் காலிப்பர் இடிக்கும்.

பினியன் யோக் எந்த யூ ஜாயின்ட் சீரீஸுக்கானது என்று பார்த்த பிறகே ஜாயின்ட் ஷாஃப்ட் பட்டறைக்குப் போங்கள். 1310இல் கப் விட்டம் 1.062 அங்குலம், 1350இல் 1.188. 1410இல் கப் 1350 போலவே, ஆனால் அகலம் 3.625க்குப் பதில் 4.188. இரு முனையிலும் சாதாரண யூ ஜாயின்ட் என்றால் பினியன் கோணமும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கோணமும் சமமாக, எதிரெதிராக இருக்க வேண்டும். இலை ஸ்பிரிங் இழுவையில் முறுக்கிக்கொண்டு பினியனைத் தூக்கும் என்பதால் ஓரிரு டிகிரி தாழ்த்தி வையுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜாயின்ட் இருந்தால் பினியன் அதை நேராக நோக்க வேண்டும். வண்டி தன் முழு எடையில் நின்ற பிறகே ஸ்பிரிங் பேடை வெல்ட் செய்ய வேண்டும். ஜாக்கில் தொங்கும்போது செய்த கோணம் தரையில் இறங்கியதும் மாறிவிடும்.

நான்கு அங்குலத்துக்கு மேல் உயர்த்திய வண்டியில், முன்பின்னாகத் தள்ளும் பழைய ஸ்டீயரிங் ஒவ்வொரு மேட்டிலும் வண்டியைத் தானாகத் திருப்பும். டானா 60இல் கிங் பின் மூடியின் நான்கு ஸ்டட்டிலேயே வலப்பக்க ஸ்டீயரிங் ஆர்மைப் பொருத்தலாம். அதோடு இரு சக்கர இழுவை வண்டியின் ஸ்டீயரிங் பாக்ஸ் போட்டால் குறுக்கு லிங்க் அமைப்பு கிடைக்கும்.

14 போல்ட்டின் டிரம் பிரேக் சேற்றில் நிறைந்துகொள்ளும், எடையும் அதிகம். கே20 முன் டிஸ்க்கும் ஜிஎம் காலிப்பரும் தாங்கியும் போட்டு டிஸ்க் ஆக்குவது வழக்கம். அப்போது ஹேண்ட் பிரேக் போய்விடும். அதற்கு மாற்று வைத்த பிறகே சரிவில் நிறுத்துங்கள். பின் பிரேக்கின் அழுத்தத்தைச் சரிசெய்யும் வால்வும் தேவைப்படும்.

மூச்சுக்குழாயை மறந்துவிடாதீர்கள். சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ரப்பர் குழாயை ஃபயர்வால் (இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்பு) உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். புதுப் பல் போட்டிருந்தால் முதலில் 15 மைல் நிதானமாக ஓட்டி, நிறுத்தி, முழுக்க ஆறவிடுங்கள். 100 மைலில் யூ போல்ட்களை மறுபடி முடுக்குங்கள். 500 மைலில் இரண்டு ஆக்சிலின் எண்ணெயையும் வடித்து, காந்தத்தில் ஒட்டியிருப்பது பொடியா செதிலா என்று பாருங்கள். பொடி என்றால் புது எண்ணெய் ஊற்றி ஓட்டலாம், செதில் என்றால் மூடியைத் திறக்க வேண்டும்.